உள்ளேயும் அதே பச்சை

ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். போனில் பேசினால் நீ "சாப்பிட்டியா" என்கிறாய், நான் "ம்" என்கிறேன், அதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கடிதத்தில் தொண்டைக்கு வேலை இல்லை.

முதலில் முக்கியமான செய்தி. அப்பா அந்தப் பழைய காரில் மறுபடி கை வைத்துவிட்டார்.

நீ சித்தி வீட்டுக்குப் போன பிறகு இந்த மூன்று மாதமாக அதன் மேல் மூடியிருந்த துணியைக்கூட அவர் எடுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து வந்தவர், டீயைக் கூடத் தொடாமல் நேராக ஷெட்டுக்குப் போய்த் துணியை இழுத்தார். தூசி என் வரலாற்றுப் புத்தகம் வரைக்கும் வந்தது. "வெளிய முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. உள்ளதான் பாக்கி," என்றார். என்னிடம் சொன்னாரா, வண்டியிடம் சொன்னாரா தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கும். வெளியே அப்பா அடித்த கரும்பச்சை. கதவைத் திறந்தால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் அடித்த அதே பழைய சாம்பல் நிறம். ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். இப்போது டேஷ்போர்டு, கதவின் உள்பக்கத் தகரம், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் வெளியே இருக்கும் பச்சைக்கே கொண்டுவரப் போகிறார். அதோடு வண்டி முடிந்தது.

நீ கிளம்பும்போது வாசலில் பையோடு நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "வண்டி முடியட்டும். அன்னைக்குக் கூப்பிடுங்க, வந்துடறேன்." அப்பாவும் மறந்திருக்க மாட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்க, வெளியூர் போக, உட்கார்ந்து நாலு வார்த்தை பேச, எல்லாவற்றுக்கும் ஏழு வருஷமாக "வண்டி முடியட்டும்" என்றவர் அவர்தானே. அவர் வார்த்தையையே அவரிடம் விட்டுவிட்டுப் போனாய். இப்போது முடிக்கிறார். என் கணக்குப்படி ஒன்றரை மாதம்.

இன்றைக்கு சீட்டுகளைக் கழற்றினோம். கழற்றிய திருகுகளைத் தீப்பெட்டிகளில் போட்டு, எது எங்கே இருந்தது என்று நான் பெயர் எழுதினேன். பதினேழு தீப்பெட்டிகள். முன் சீட்டுக்கு அடியில் உன் கொண்டை ஊசி இரண்டு கிடைத்தன. அப்பா அவற்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு, "இதுக்கும் பேர் எழுது," என்றார். "அம்மா, இடது சீட்டுக்கு அடியில்" என்று எழுதினேன்.

உன் மகள்


ஜூன் 14, வெள்ளி

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். சித்தி "என்னடி அங்க, லவ் லெட்டரா?" என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

எனக்கு இங்கே சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது காலர். சட்டையை நாங்கள் பார்ப்பதே இல்லை, கழுத்து மட்டும்தான். இப்போதெல்லாம் பஸ்ஸில் யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்குள் கண் காலருக்குப் போய்விடுகிறது. என் கழுத்துவலியும் அதனால்தானோ என்னவோ. ஆனால் வேலை நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா பெயிண்ட் அடிக்கும்போது ஷெட்டுக்குள் போகாதே. போனால் மூக்கில் துணி கட்டிக்கொள். எண்ணெய் வைக்காமல் பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போகிறாயாமே. எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அம்மா


ஜூன் 23, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் இருமல்: காலையில் ஐந்தாறு தடவை, பகலில் குறைவு. நீ கேட்டதாகச் சொல்லவில்லை. எண்ணெய் விஷயத்தைச் சொன்னது எதிர்வீட்டு அத்தை என்று தெரியும். இனி அவர் வாசலைத் தாண்டும்போது தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

வேலை மளமளவென்று நடக்கிறது. டேஷ்போர்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னர் துணியால் துடைத்தோம். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம். பழைய சாம்பல் நிறம் பாலாகக் கரைந்து ஒழுகியது. மீட்டர் இருந்த வட்டங்களின் உள்ஓரத்தை எனக்குக் கொடுத்தார், அங்கே என் விரல்தான் நுழையும். துரு தின்ற பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்தார். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டுவது என் பொறுப்பு. "ஒட்டறதுக்குப் பேப்பர் குடுத்தா உக்காந்து நியூஸ் படிக்கிற," என்றார். நீ போன பிறகு அவர் செய்த முதல் கேலி இது. நாள்: ஜூன் 18, மாலை ஆறரை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்பவுடர் டின்னில் பச்சையைக் கலந்தார். கறுப்பு இரண்டு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு, குச்சியால் ஒரு சுற்று, தகரத் துண்டில் ஒரு தடவல், வெளிக்கதவோடு ஒட்டி வைத்து ஒரு பார்வை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. பிறகு ஸ்ப்ரே கன்னை எடுத்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில்தான் நின்றேன். முடிந்ததும் கதவைத் திறந்து, மூடி, திறந்து காட்டினார். டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே பச்சை.

சனிக்கிழமை காலை வண்டியை வெயிலுக்குத் தள்ளினோம். உள்ளே நீலம் கலந்த பச்சையாக இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் மாதிரி. அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் தேய்த்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வருத்தப்படாதே. ஒரு வாரம்தான் தள்ளிப்போகிறது.

உன் மகள்


ஜூலை 7, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று தடவை ஆகிவிட்டது. சாயங்காலம் கலக்குகிறார், டியூப்லைட்டில் சரியாக இருக்கிறது, காலையில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் சரியாக இல்லை. உடனே உப்புத்தாள். என் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துவிட்டது. பள்ளியில் ஒருத்தி, "இனி நீ திருடலாம்டி, கண்டுபிடிக்க முடியாது," என்றாள்.

காரணத்தை நான் நூலகத்தில் கண்டுபிடித்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியலாம். ஆகவே பகலில் கலக்க வேண்டும். ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஓ, அப்படியா," என்றார். அன்றைக்குச் சாயங்காலமும் டியூப்லைட்டுக்குக் கீழேதான் கலந்தார்.

நேற்று சீட் தைக்கிற மாமா வந்திருந்தார். உனக்குத் தெரியுமே, என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவாரே, அவர். தைத்து முடித்த சீட்டுகள் இரண்டு வாரமாக அவர் கடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றனவாம். எப்போது கொண்டுவரலாம் என்று கேட்க வந்தார். அப்பா தின்னர் வாங்கப் போயிருந்தார். என் கண்டுபிடிப்பை மாமாவிடம் விளக்கினேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"டீச்சரம்மா, உங்கப்பா முப்பது வருஷமா பெயிண்ட் அடிக்கிறாரு. இந்த டியூப்லைட் கதையை எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவருதான். வெயில்ல வெச்சுப் பாக்காம கலந்தா பட்டறையில கிழிச்சுடுவாரு."

"அப்புறம் ஏன் மாமா?"

அவர் ஷெட் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "முடிஞ்சா உங்கம்மாவுக்குப் போன் பண்ணணுமே. பண்ணா, வர்றேன்னோ வரலேன்னோ பதில் வரும்ல."

இதை எழுதலாமா என்று ராத்திரி வரை யோசித்தேன். நடந்ததை எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். அம்மா, அவர் பயப்படுகிறார். நீ சொன்ன சொல்லை மாற்ற மாட்டாய் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. "முடிங்க, வர்றேன்" என்று அவருக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போடு. போதும்.

உன் மகள்


ஜூலை 12, வெள்ளி

என் கண்ணுக்கு,

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை கரன்ட் போய்விட்டது. இரண்டாம் தடவை கரன்ட் இருந்தது.

அப்பாவை அவசரப்படுத்தாதே. அவர் போக்கில் விடு. எல்லா வேலையும் முடிந்தே தீர வேண்டும் என்று இல்லை. வண்டி பாட்டுக்கு நிற்கட்டும், நீ உன் பாடத்தைப் படி. ரேகை போகிற அளவுக்குத் தேய்க்கச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்? கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

இங்கே பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. நூலகத்துக்கென்று தனிக் கட்டடமாம். சும்மா சொன்னேன்.

சீட் தைக்கிறவர் வாய் சும்மா இருக்காது. அவர் சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா


ஜூலை 20, சனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ "அவசரப்படுத்தாதே" என்று எழுதியிருந்தாய். அப்பா மேல் உனக்கு இருக்கிற அக்கறை அது என்று எடுத்துக்கொண்டேன். அதனால் எனக்குத் தைரியம்தான் அதிகமானது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

வண்டியின் பின்பக்கம் பெட்ரோல் ஊற்றும் இடத்துக்கு ஒரு சின்ன மூடி உண்டு, அதுவும் வெளிப்பச்சைதான். திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனதும் அதன் இரண்டு திருகையும் கழற்றி, துணியில் சுற்றி, பள்ளிக்கூடப் பையில் வைத்தேன். முதல் இரண்டு பாடவேளைக்குப் போகவில்லை. பெயிண்ட் கடைக்குப் போய் அப்பா அனுப்பினார் என்று சொன்னேன். அது பொய்.

கடைக்காரர் மூடியைக் கையில் வாங்கி, கடைக்கு வெளியே படியில் வெயிலில் உட்கார்ந்துதான் கலந்தார். "உங்கப்பா அடிச்சதுதானே இது? கைராசிக்காரர்," என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தகரத்தில் தடவி மூடியின் மேல் வைத்தபோது விளிம்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, அப்பா நாலாவது தடவைக்குக் கலந்து வைத்திருந்த பச்சையைப் பழைய வாளியில் கொட்டினேன். பால்பவுடர் டின்னைத் தின்னரால் கழுவி, புதியதை அதே அளவுக்கு ஊற்றி, பெட்ரோல் மூடியை வண்டியில் திரும்ப மாட்டினேன். பூகோள டீச்சரிடம் வயிற்றுவலி என்றேன். அது இரண்டாவது பொய். இரண்டையும் இங்கே எழுதிவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா டின்னைத் திறந்தார். ரொம்ப நேரம் கலக்கினார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு கன்னில் ஊற்றி அடிக்க ஆரம்பித்தார். அன்றைக்குத் தகரத்தில் தடவிப் பார்க்கவேயில்லை.

வியாழக்கிழமை காலை வெயிலுக்குத் தள்ளினோம். அம்மா, நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கதவைத் திறந்தால் வண்டி எங்கே முடிகிறது, உள் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. டேஷ்போர்டும் பானெட்டும் நடுவில் கண்ணாடி இல்லாததுபோல ஒன்றாக இருந்தன. அப்பா ஒரு சுற்று நடந்தார். குனிந்து கதவின் கீழ்விளிம்பைப் பார்த்தார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, கையில் இருந்த உப்புத்தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்று மாமா சீட்டுகளைக் கொண்டுவந்து பொருத்தினார். பதினேழு தீப்பெட்டிகளும் காலி. "என்னண்ணே, புதுமாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க," என்றார். மாமா போன பிறகு அப்பா என்னிடம், "நாளைக்கு உங்கம்மாவுக்குப் போன் பண்றேன்," என்றார்.

கூடத்தைக் கழுவிவிட்டேன். உன் அலமாரியைத் துடைத்துவிட்டேன். நீ உடனே கிளம்பிவிட்டால் இந்தக் கடிதம் உன்னை அங்கே தேடும். தேடட்டும்.

உன் மகள்


ஜூலை 21, ஞாயிறு

என் கண்ணுக்கு,

காலையில் அப்பா போன் செய்தார். "வண்டி முடிஞ்சுடுச்சு," என்றார். வா என்று கூப்பிடவில்லை. வண்டியைப் பற்றி அந்த ஒரு வரி மட்டும்தான் சொன்னார்.

நீ உண்மையைத்தான் எழுதுவேன் என்று ஆரம்பித்தாய். நானும் ஒரு தடவையாவது எழுத வேண்டும்.

அன்றைக்கு வாசலில் நான் அப்படிச் சொன்னது, அந்த வண்டி ஒருநாளும் முடியாது என்று நினைத்து. ஏழு வருஷம் பார்த்தவள் நான். சண்டை இல்லாமல் வாசலைத் தாண்ட எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. நீ பக்கத்தில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு "இனி வர மாட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்கு அது அப்போதே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஒரு சொல்லும் சொன்னதில்லை, அதுதான். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு ஷெட்டின் சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்து காத்திருந்து, ஒருநாள் நான் காத்திருப்பதையே மறந்துவிட்டு அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இங்கே காலர் தைத்தால் காலர் முடிகிறது. சாயங்காலம் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

நான் வரவில்லை, கண்ணு. இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நீ என்னிடம் வா. அந்தப் பள்ளியில் விசாரித்துவிட்டேன். இடம் இருக்கிறது.

என்னைத் திட்டியாவது எழுது.

அம்மா


ஜூலை 27, சனி

அம்மாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். திட்டி எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரிக்கு மேல் வரவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டை மாற்றிக்கொண்டுதான் போன் செய்தார். நீ சொன்னதுபோல முதலில் அந்த ஒரு வரி. பிறகு நீ பேசுவதைக் கேட்டார். நாலு தடவை "சரி" என்றார். கடைசியில், "கழுத்துவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். உன் கழுத்துவலி அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. உன் கடிதங்களை நான் மேஜை மேலேயே வைத்துவிடுவேன். போனை வைத்ததும் "அம்மா நல்லா இருக்காளாம்," என்றார். நான் மேலே கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

திங்கள் முதல் வியாழன் வரை அவர் ஷெட்டுக்குள் போகவில்லை. நேற்று சாயங்காலம் மழை. பட்டறையிலிருந்து நனைந்துகொண்டு வந்தவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "வா, சும்மா உக்காரலாம்," என்றார். போய் வண்டிக்குள் உட்கார்ந்தோம். அவர் ஸ்டியரிங் பக்கம், நான் இடது பக்கம். ஷெட்டின் தகரக் கூரையில் மழை கொட்டியது. புது சீட்டின் வாசனையில் தலை வலித்தது. எங்கேயும் போகவில்லை.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன் என்று சொன்னேன்.

"பெயிண்ட்டை மாத்தி ஊத்துனதையுமா?"

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"டின்ல குச்சியை விட்டுத் தூக்கும்போதே தெரிஞ்சுது. நான் கலந்து வெச்ச பச்சைல அவ்ளோ மஞ்சள் கிடையாது. பெட்ரோல் மூடித் திருகு வேற, ஒண்ணு தலைல புதுசா கீறல் விழுந்து கிடந்துது."

"அப்புறம் ஏம்ப்பா அடிச்சீங்க?"

டேஷ்போர்டில் இல்லாத தூசியைப் புறங்கையால் துடைத்தார். "நீ அவ்வளவு ஆசையா ஊத்தி வெச்சிருந்த. அதைக் கீழ கொட்ட மனசு வரல."

அழுதேன் என்பதையும் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அவர் துண்டை என் மடியில் வைத்தார், ஈரத் துண்டு.

ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு அந்த டின்னில் நான் கை வைக்காமல் இருந்திருந்தால், அப்பா இப்போதும் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் வட்டங்களின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். நீ வருவாய் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறோம். அப்போது தெரியவில்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. நீ காத்திருந்த ராத்திரிகளில் நானும் அதே கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், உன்னை நிமிர்ந்து பார்த்ததில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது.

புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி: உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "லைப்ரரிக்குத் தனிக் கட்டடமாம்ல. போறதுன்னா போ," என்றார். பரீட்சை வரைக்கும் இங்கேதான் இருப்பேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன். அதுவரை பதில் கேட்டு எழுதாதே. வேறு எதை வேண்டுமானாலும் எழுது.

வண்டியை வாங்கிக்கொள்ள ஒருவர் கேட்டு வந்தார் என்று மாமா சொன்னார். அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் அதன் மேல் துணியை நாங்கள் இருவரும் இழுத்து மூடினோம், ஆளுக்கு ஒரு மூலை. பிறகு சாப்பிட்டோம். அப்பா ஷெட் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். கூடத்து விளக்கை நான் அணைத்தேன்.

உன் மகள்